இசைக் காணொளி மரபும் உரை மரபும்

மூன்று அல்லது நான்கு நிமிடங்களில் முடியும் ஒரு பாட்டுக்குப் படம் அமைத்துக் காட்டும் கலை, கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளது. மியூசிக் வீடியோ என மேலைநாட்டார் வழங்கும் இதனை நாம் இசைக் காணொளி என்கின்றோம். இது திறனாய்வுக்கு உரிய பொருளாகுமா என்னும் ஐயம் அறிஞர் சிலர்க்கு உண்டு. இஃது இசைத்தட்டு விற்பார் செய்த விளம்பரம் என்பர். தொடர்பற்ற காட்சிகளின் குவியல் என்பர். ஆதலின் இதற்கென ஓர் இலக்கணம் இல்லை என்றும் கூறுவர். இக்கருத்துகள் பொருந்துமா என ஆராய்தலும், இக்கலையின் மரபுகளை விளக்குதற்கு நம் உரை மரபு எத்துணைத் துணை செய்யும் எனக் காண்டலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் பயனும்

பாட்டுக்குப் படம் அமைக்கும் முயற்சி புதியதன்று. 1940-ஆம் ஆண்டு தொட்டு அமெரிக்காவில் 'சவுண்டீஸ்' என்னும் குறும்படங்கள், காசு இட்டால் இயங்கும் பெட்டிகளில் காட்டப்பெற்றன. 1960-ஐ ஒட்டிப் பிரான்சில் 'ஸ்கோபிடோன்' என்னும் பெட்டி தோன்றியது. 1966-இல் பீட்டில்ஸ் குழுவினர், ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையத்துக்கும் தாமே செல்லாது, தம் பாட்டுகளைப் படமாக்கி அனுப்பினர். 1975-இல் குவீன் குழுவின் 'பொகீமியன் ராப்சடி' என்னும் பாட்டுக்குப் புரூஸ் கவர்ஸ் இயக்கிய படம், ஒரு பாட்டின் வெற்றிக்குப் படம் எவ்வளவு உதவும் என்பதனைத் தொழில்துறையினர்க்குக் காட்டியது. 1981 ஆகஸ்டு 1-ஆம் நாள் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. அது முதற்கண் காட்டியது பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்' என்னும் பாட்டின் படமாகும். அதன்பின் இசைக் காணொளி ஒரு தனி வகையாக நிலைபெற்றது.

இவ்வரலாற்றால் இக்கலை விற்பனையின் பொருட்டுப் பிறந்தது என்பது தெளிவாகின்றது. ஆயினும் ஒரு படைப்புப் பிறந்த நோக்கம் வேறு. அதன் தகுதி வேறு. பரிசில் கருதிப் பாடப்பெற்றமையால் பொருநராற்றுப்படை இலக்கியம் ஆகாது என்பார் நம்முள் இலர். பரிசில் நோக்கம் ஆற்றுப்படையின் அமைப்பை உருவாக்கியது. அவ்வமைப்பினுள் புலவர் தம் புலமையைக் காட்டினர். அதுபோலவே விற்பனை நோக்கம் இசைக் காணொளிக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்தது. பாட்டு முழுமையாகக் கேட்கப்பெறல் வேண்டும். பாடுவோர் முகம் அறியப்பெறல் வேண்டும். பன்முறை காணினும் சலிப்புத் தோன்றாதிருத்தல் வேண்டும் என்பன அவை. மரபுகள் பலவும் இக்கட்டுப்பாடுகளிலிருந்தே கிளைத்தன.

மூலமும் உரையும்

இக்கலையின் தலையாய விதி, பாட்டு முன்னும் படம் பின்னும் நிற்றலாகும். திரைப்படத்தின் பின்னணி இசையோ பெரும்பாலும் படம் எடுத்து முடிந்தபின் அப்படத்தின் அளவுக்கேற்ப அமைக்கப்பெறும். இசைக் காணொளியில் முறை தலைகீழாகின்றது. முன்னரே பதிவு செய்த பாட்டைப் படப்பிடிப்பிடத்தில் ஒலிக்கச் செய்வர். பாடுவோர் அதற்கேற்ப வாயசைப்பர். பாட்டின் காலம் முன்னரே அறுதியிடப்பெற்றமையின் படமே அதற்கு இயைந்து செல்லல் வேண்டும்.

இவ்விதியின் வலிமையை இரு சான்றுகளால் அறியலாம். போலீஸ் குழுவின் 'ராப்டு அரவுண்டு யுவர் ஃபிங்கர்' (1983) என்னும் பாட்டுக்குக் காட்லியும் கிரீமும் எடுத்த படத்தில், பாட்டை விரைவாக ஒலிக்கச் செய்து, பாடுவோரை அவ்விரைவிலேயே வாயசைக்கச் செய்தனர். பின்னர்ப் படத்தை மெதுவாக ஓட்டினர். கைகால்கள் கனவிற்போல மெல்ல இயங்க, இதழ்கள் மட்டும் பாட்டோடு பொருந்தின. கோல்ட்பிளே குழுவின் 'த சயன்டிஸ்ட்' (2002) படத்தில் காட்சிகள் பின்னோக்கி ஓடுகின்றன. அதன்பொருட்டுப் பாடகர் பாட்டைப் பின்னிருந்து முன்னாக வாயசைக்கப் பயின்றார். இவ்விரண்டிலும் காலம் நெகிழ்ந்தது. உலக நடையும் மாறியது. பாட்டு மட்டும் மாறவில்லை.

மாறாத ஒன்றும் அதனை ஒட்டி இயங்கும் மற்றொன்றுமாக அமைந்த இவ்வுறவு நமக்குப் புதியதன்று. அது மூலத்துக்கும் உரைக்கும் உள்ள உறவேயாகும். இசைக் காணொளியின் இயக்குநர் ஓர் உரையாசிரியர். எம்.டி.வி. நிலையம் பாடுவோர் பெயர், பாட்டின் பெயர், இசைத்தட்டின் பெயர் ஆகியவற்றைத் தொடக்க முதலே திரையில் காட்டிவந்தது. இயக்குநர் பெயரை 1992-இன் இறுதியிலேதான் சேர்த்தது. பத்தாண்டுக்கு மேல் இவ்வுரையாசிரியர் பெயரின்றியே இருந்தனர்.

கூற்று யாருடையது?

அகப்பாட்டில் புலவர் தம் பெயரால் பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி முதலியோர் கூற்றாகவே பாட்டு அமையும். அஃது எவர் கூற்று என்பதனைப் பாட்டின் சொற்களே முழுதும் தெளிவாக்கும் எனக் கூறல் இயலாது. பாட்டின் கீழுள்ள துறைக்குறிப்பே பலவிடத்தும் அதனை அறுதியிடுகின்றது. துறை வேறுபடின் பாட்டின் பொருளும் வேறுபடும்.

இசைக் காணொளியில் இத்துறைக்குறிப்பின் தொழிலைப் படம் செய்கின்றது. பாடுவோர் மூவகையில் தோன்றுவர். இசைக்கருவியோடு நின்று பாடுவோராகத் தோன்றல் ஒன்று. கதையுள் ஒரு மாந்தராகத் தோன்றல் ஒன்று. கேமராவை நேர்நோக்கித் தாமாகவே தோன்றல் மற்றொன்று. ஸ்டீவ் பாரன் இயக்கிய 'டேக் ஆன் மீ' (1985) என்னும் படத்தில் ஆஃகா குழுவின் பாடகர், கோட்டோவியக் கதையின் தலைவனாகவும் பாடுவோராகவும் மாறிமாறி வருகின்றார். இம்மாற்றத்தைக் காண்போர் குழப்பம் இன்றி ஏற்கின்றனர். மலையுச்சியிலும் பாலைவனத்திலும் மின்கம்பி இணைப்பின்றி மின்கிதார் ஒலிப்பதனையும் அவர் ஏற்கின்றனர். உலகியலில் நிகழாதது நாடக வழக்காக ஏற்கப்படுதல் இதுவாகும். மரபு என ஒன்று இல்லையாயின் இவ்வேற்பும் இல்லை.

மேலும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நம் திரைப்படப் பாட்டில் குரல் ஒருவருடையது, முகம் மற்றொருவருடையது. அப்பாட்டுக் கதைமாந்தரின் கூற்றாகக் கொள்ளப்படுகின்றது. இசைக் காணொளியிலோ குரலும் முகமும் பெரும்பாலும் ஒருவருடையனவே. ஆதலின் கேட்போர் பாட்டைப் பாடுவோரின் வாழ்வோடு இயைத்துக் காண்கின்றனர். 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' என்பது பிரின்ஸ் எழுதிய பாட்டு. வேறொரு குழுவினரால் 1985-இல் முதற்கண் வெளியிடப்பெற்றது. 1990-இல் சினேட் ஓ'கானர் அதனைப் பாடினார். ஜான் மேபரி இயக்கிய படத்தின் பெரும்பகுதி, கருநிறப் பின்புலத்தில் அவர்தம் முகத்தை மட்டுமே அண்மையில் காட்டுகின்றது. பாட்டின் இறுதிப் பகுதியில் அவர் கண்ணீர் வடிக்கின்றார். இறந்த தம் தாயை நினைந்தமையால் வந்த கண்ணீர் அது எனப் பின்னர் அவர் கூறினார். காதற் பிரிவுக்கு ஒருவர் எழுதிய சொற்கள், அம்முகத்தால் தாயை இழந்த மகளின் கூற்றாயின. சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை; துறை மாறிற்று.

உரையின் வகைகள்

காட்சிகள் தொடர்பற்றவை என்னும் கருத்தை இனி ஆராய்வோம். ஆன் கேப்லன் 1987-இல் வெளியிட்ட நூலில், கதைத்தொடர்ச்சியும் நிலையான நோக்கும் அற்ற பின்னவீனத்துவ வடிவமாகவே இக்காணொளிகளைப் பெரிதும் கண்டார். ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் அதனை மறுத்தார். இசையைக் கருதாது படத்தை மட்டும் நோக்கியமையால் வந்த முடிபு அஃது என்பது அவர் மறுப்பின் சாரம். இம்மறுப்பு வலியுடையது. உரையை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை மூடிவிட்டுப் படிப்பார்க்கு, உரைத்தொடர்கள் ஒன்றோடொன்று இயையாதன போலவே தோன்றும். அவை இயையும் இடம் மூலமாகும். பாட்டின் பல்லவி மீளும்போது முன் கண்ட இடமும் நிறமும் மீள்வதும், சரணத்தில் கதை நடந்து பல்லவியில் பாடுவோர் தோன்றுவதும், இசைக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் இடத்தில் களம் மாறுவதும் பாட்டைக் கேட்டுக்கொண்டு காண்பார்க்கே விளங்கும். 'பொகீமியன் ராப்சடி' படத்தில் இறுதிப் பகுதி மேடைப் பாடலாக அமைய, நாடக இசைப் பகுதியில் இருளில் நான்கு முகங்கள் பலவாகப் பெருகித் தோன்றுகின்றன. பாட்டின் உறுப்பு மாறியதற்கேற்பப் படத்தின் நடையும் மாறியமை காண்க.

படம் பாட்டோடு கொள்ளும் உறவைக் குட்வின் மூன்றாக வகுத்தார். பாட்டின் பொருளையே காட்டல், அதனைப் பெருக்கல், அதனின் விலகல் என்பன அவை. முதலாவது பொழிப்புரையை ஒத்தது. இரண்டாவது, மூலத்தில் இல்லாததனைச் சேர்த்து மூலத்தின் பொருளை விரிக்கும் விளக்கவுரையை ஒத்தது. மூன்றாவதற்குச் சிறந்த சான்று ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் படமாகும். 1985-இல் வெளிவந்த 'டிம்' என்னும் இசைத்தட்டின் பாட்டு ஒன்றுக்கு, ஓர் அறையில் உள்ள ஒலிபெருக்கிப் பெட்டியையே ஏறத்தாழப் பாட்டு முழுதும் காட்டினர். பாடுவோர் முகம் இல்லை, கதையும் இல்லை. உரை எழுத மறுத்த உரை அது. ஆயினும் அம்மறுப்பின் கூர்மை, ஏனைய படங்களின் மரபை அறிந்தார்க்கே புலனாகும். மரபை மீறுவோரும் மரபுக்குச் சான்று பகர்கின்றனர்.

பண்ணுக்கு உரை

இம்மூவகைப் பாகுபாட்டைச் சொற்பொருளளவில் மட்டும் கையாளின் ஒரு குறை நேர்கின்றது. பாட்டு என்பது சொல் மட்டுமன்று. பண்ணும் தாளமும் கருவியொலியும் சேர்ந்ததே பாட்டு. படம் சொல்லை விடுத்துப் பண்ணுக்கு உரை செய்யும் இடங்களும் உள.

மிஷேல் கோந்திரி என்னும் பிரெஞ்சு இயக்குநரின் படைப்புகள் இதற்குத் தக்க சான்று. டாஃப்ட் பங்க் குழுவின் 'அரவுண்டு த வேர்ல்டு' (1997) பாட்டின் சொற்கள் ஒரு சிறு தொடரே. அத்தொடரே மீளமீள வரும். சொற்பொருள் நோக்குவார்க்கு அதில் உரை செய்ய ஒன்றும் இல்லை. கோந்திரி ஐந்து குழுவினரை ஆடச் செய்து, ஒவ்வொரு குழுவையும் பாட்டின் ஓர் ஒலிக்கு உரியதாக்கினார். தாழ்ந்த சுருதிக் கிதார் ஒலி ஏறி இறங்குந்தோறும் ஒரு குழுவினர் படியில் ஏறி இறங்குகின்றனர். தாள ஒலிக்கு ஒரு குழு ஆடுகின்றது. குரலுக்கு ஒரு குழு நடக்கின்றது. 2002-இல் அவர் கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் 'ஸ்டார் கிதார்' என்னும் இசைக்கு எடுத்த படத்தில், ஓடும் இரயிலின் சன்னல் வழித் தெரியும் கட்டடங்களும் கம்பங்களும் பாலங்களும் ஒவ்வொன்றும் ஓர் ஒலியோடு உடன்தோன்றி உடன்மறைகின்றன. முதன்முறை காண்பவர் அதனை இயல்பான பயணக் காட்சி என எண்ணுவர். சிறிது நேரத்திற்குப் பின்னரே காட்சி இசையின் வழி நடப்பதை உணர்வர்.

இப்படங்கள் இசையறிவு இல்லாதார்க்கும் இசையின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகின்றன. கண்ட பின்னர்க் காது முன் கேளாத ஒலிகளைக் கேட்கின்றது. எதுகையும் மோனையும் தொடையழகும் எடுத்துக்காட்டும் நல்லுரை, செய்யுளின் ஓசையை நமக்கு உணர்த்துதல் போன்றது இது. ஆதலின் குட்வினின் மூன்று வகையோடு இதனை நான்காவதாகக் கொள்ளுதல் தகும். கரோல் வெர்னாலிஸ் 2004-இல் வெளியிட்ட நூல், படத்தின் அமைப்பை இசையின் அமைப்போடு இயைத்து ஆராய்ந்து இத்துறைக்கு வழி வகுத்துள்ளது.

மாட்டு

மூலம் மாறாது என்பது பொது விதி. அதற்கு ஒரு பெருவிலக்கு உண்டு. 1983 டிசம்பரில் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' படம் அது. இயக்கியவர் ஜான் லாண்டிஸ். இசைத்தட்டில் ஏறத்தாழ 6 நிமிடம் ஒலிக்கும் பாட்டு, படத்தில் ஏறத்தாழ 14 நிமிடமாக விரிந்தது. அளவினும் அமைப்பு மாற்றமே நாம் கருதவேண்டுவது. இசைத்தட்டில் சரணமும் பல்லவியும் மாறிமாறி வரும். படத்திலோ தலைவனும் தலைவியும் தெருவில் நடந்து வருங்கால் சரணங்கள் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. பின்னர் வின்சென்ட் பிரைஸின் பேச்சோடு பிணங்கள் எழுகின்றன, நடனம் நிகழ்கின்றது, அதன் பின்னரே பல்லவி வருகின்றது.

இவ்வாறு மூலத்தின் உறுப்புகளை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் கொள்ளுதல் நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டு உரையில் கையாண்ட மாட்டு முறையாகும். முல்லைப்பாட்டின் அடிகளை அவர் அங்ஙனம் மாற்றிக் கூட்டியதனை மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் (1903) மறுத்தமை அறிஞர் அறிவர். செய்யுள் நின்ற முறையே புலவர் கருதிய முறை என்பது அடிகள் கொள்கை. உரையாசிரியர் நோக்கமோ பொருள் தொடர்ச்சி. லாண்டிஸின் நோக்கமும் அதுவே. அச்சம் படிப்படியாக வளர்ந்து நடனத்தில் உச்சம் எய்தல் வேண்டுமாயின், இடையிடையே மீளும் பல்லவி அவ்வளர்ச்சியைத் தடுக்கும்.

இம்மாட்டு ஏற்கத்தக்கதா? மூலத்தை அழித்திருப்பின் ஏற்கத்தக்கதன்று. இங்கு மூலம் இசைத்தட்டில் நின்றவாறே நிற்கின்றது; கேட்போர் இரண்டையும் ஒப்புநோக்க இயலும். ஆதலின் அது புதிய படைப்பாகவே மதிக்கத்தக்கது. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2009-இல் இடம்பெற்ற முதல் இசைக் காணொளி அஃதே என்பது ஈண்டு நினையத்தக்கது. எனினும் ஒன்று கூறல் வேண்டும். இன்று அப்பாட்டைக் கேட்பார் பலர்க்கு, இசைத்தட்டைக் கேட்டு மட்டும் அறிய இயலாத அந்நடனமே பாட்டின் பொருளாக முன்நிற்கின்றது. உரை மூலத்தின் இடத்தைக் கொண்டது.

ஓருரையும் பல்லுரையும்

இக்கலையைப் பற்றி எழும் உண்மையான கவலை இதுவேயாகும். விளம்பரமாகப் பிறந்ததனால் வரும் இழுக்கு எளிதில் நீங்கும். மூலத்தை உரை மறைத்தலால் வரும் இழப்பு எளிதில் நீங்காது. திருக்குறளைப் பரிமேலழகர் வழியே கற்றவர், அவ்வுரையை மறந்து ஒரு குறளைப் படித்தல் அரிது. ஆயினும் குறளுக்குப் பதின்மர் உரை செய்தனர் என்பது மரபு. மணக்குடவரும் பிறரும் வேறு பொருள் காட்ட, மூலம் ஒருவர் கையில் அடங்காது நின்றது. பாட்டுக்கோ பெரும்பாலும் ஒரே படம். அதுவும் பாட்டு வெளிவரும்போதே உடன்வருகின்றது. 2005-இல் யூடியூப் தோன்றிய பின்னர்ப் பாட்டை முதன்முதலாகப் படத்தோடு சேர்த்தே எய்துவோர் மிகப் பலர். மூலத்தைத் தனித்துக் கேட்டு மனத்துள் தாமே காட்சி அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவர்க்குக் குறைகின்றது.

பல்லுரை அமைந்த பாட்டுகள் சிலவே. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'ஹர்ட்' என்பது டிரெண்ட் ரெஸ்னர் எழுதி, அவர்தம் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழு 1994-இல் வெளியிட்ட பாட்டு. அக்குழுவின் படம் ஒரு மேடை நிகழ்ச்சியின் பதிவாகும். பாடுவோர்க்கு முன் தொங்கும் மெல்லிய திரையில் போரும் அழிவும் பற்றிய காட்சிகள் வீழ்கின்றன. இளைஞன் ஒருவனின் தன்வெறுப்பு, உலகின் அழிவோடு இயைக்கப்பெற்றது. பின்னர் ஜானி கேஷ் என்னும் முதிய பாடகர், ஒரு சொல்லை மட்டும் மாற்றி அதே பாட்டைப் பாடினார். மார்க் ரோமானெக் அதனைப் படமாக்கினார். கேஷின் வீடும், மூடிக்கிடந்து சிதைந்த அவர்தம் காட்சியகமும், இளமைக்காலப் படச்சுருள்களும், உணவு நிரம்பிய மேசையும், அருகில் நின்று நோக்கும் மனைவியும் அதில் இடம்பெற்றன. படம் வெளிவந்த 2003-ஆம் ஆண்டிலேயே மே திங்களில் மனைவியும் செப்டம்பரில் கேஷும் மறைந்தனர்.

ஒரு பாடவேறுபாடு தவிரச் சொற்கள் அவையே. முன்னது இளைஞன் கூற்று. பின்னது வாழ்வின் எல்லையில் நின்று தன் புகழைத் திரும்பி நோக்கும் முதியோன் கூற்று. இப்படத்தைக் கண்ட ரெஸ்னர், அப்பாட்டு இனித் தமதன்று என்னும் கருத்துப்படப் பேசினார். நூலாசிரியரே உரையின்முன் தம் உரிமையை விட்டுக்கொடுத்தல் உரை வரலாற்றில் அரிது. இதனை உரையின் கொடுமை என்பதா, வெற்றி என்பதா எனின், வெற்றி என்பதே பொருத்தம். இரு படங்களும் இருத்தலின், பாட்டின் சொற்கள் இருவர் வாழ்வையும் தாங்கும் ஆழமுடையன என்பது புலனாகின்றது. ஒரு படம் மட்டும் இருந்திருப்பின் அவ்வாழம் தெரிந்திராது. உரை ஒன்றாயின் மூலம் குறுகும், பலவாயின் விரியும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், இசைக் காணொளி விற்பனையின் பொருட்டுப் பிறப்பினும் தனக்கெனக் கூற்றும் காலமும் உரைவகையும் பற்றிய மரபுகளை வகுத்துக்கொண்ட கலை என்பதும், அம்மரபுகள் பாட்டை மூலமாகக் கொண்டாலன்றி விளங்கா என்பதும், அதன் சிறப்பும் இடரும் உரையின் சிறப்பும் இடரும் போன்றனவே என்பதும் பெறப்படும். இதனை ஆராயப் புகும் மாணவர்க்கு ஒரு முறையைக் கூறலாம். முதலில் படத்தைக் காணாது பாட்டை மட்டும் கேட்டு, அஃது எவர் கூற்று என்றும் எவ்வுறுப்புகளால் ஆயது என்றும் குறித்துக்கொள்ளல் வேண்டும். அடுத்து ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் காணல் வேண்டும். இறுதியாக இரண்டையும் சேர்த்துக் கண்டு, படம் எதனைக் கூட்டியது, எதனை மறைத்தது, எக்கூற்றை வேறாக்கியது எனத் தம் குறிப்போடு ஒப்பிடல் வேண்டும். செய்யுளை முதலில் உரையின்றிப் படித்துப் பின் உரையை நாடுக என நம் ஆசிரியர்கள் வகுப்பறையில் கூறிவந்த முறையும் இதுவே.